உள்ளாட்சி இணையப் பணிக்கான கட்டணமில்லா இணைய வளங்கள்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உள்ளாட்சி அமைப்புகளின் இணையத்தளங்களை உருவாக்குவோருக்கும் பராமரிப்போருக்கும் பயன்படத்தக்க கட்டணமில்லா, குறைந்த கட்டண வளங்கள் இன்று மிகுதியாகக் கிடைக்கின்றன. மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ள உள்ளாட்சிப் பணியாளரின் தேவைக்கு அவை எந்த அளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. விலை, மொழி, பணிப்பொருத்தம், உரிமம் ஆகிய நான்கும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வளங்கள் பெரும்பாலும் நிரல் எழுதக் கற்பிக்கின்றன. உள்ளாட்சியின் இணையப் பணியோ பெரும்பாலும் உரைப்பணியாக உள்ளது. இவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பில் தமிழாய்வுக்கும் பங்குண்டு என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, இணையத்தளம், அணுகுதன்மை, ஒருங்குறி, கட்டற்ற உரிமம், ஆட்சித்தமிழ், மதுரை.

முன்னுரை

வரி செலுத்துதல், சான்றிதழ் பெறுதல், ஒப்பந்தப்புள்ளி அறிதல், குறை தெரிவித்தல் எனக் குடிமக்கள் உள்ளாட்சியோடு கொள்ளும் தொடர்புகள் பலவும் இணையத்திற்கு இடம்பெயர்ந்துள்ளன. அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை செய்த வேலையை இணையப் பக்கம் செய்கிறது. பலகையில் எழுதப்பட்டதைப் படிக்க இயலாதவர் அருகில் நிற்பவரைக் கேட்டறியலாம். திரையின் முன் தனித்திருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே பக்கத்தை ஆக்குவோரின் பயிற்சி குடிமக்களின் உரிமையோடு நேரடியாகத் தொடர்புடையதாகிறது. நிதி வளம் குறைந்த உள்ளாட்சிகளுக்குக் கட்டணமில்லா இணைய வளங்களே இயல்பான பயிற்சிக்களம் என்ற கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்து எந்த எல்லைவரை செல்லுபடியாகும் என்பதை மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மதுரை வட்டார உள்ளாட்சிகளும் இணையப் பணியின் இயல்பும்

2019, 2022 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தல்களின்போது இருந்த நிலைப்படி, மதுரை மாவட்டத்தில் 100 வார்டுகள் கொண்ட ஒரு மாநகராட்சியும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என 3 நகராட்சிகளும், அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி, சோழவந்தான் உள்ளிட்ட 9 பேரூராட்சிகளும், 13 ஊராட்சி ஒன்றியங்களும், 420 கிராம ஊராட்சிகளும் உள்ளன. இவற்றின் அளவும் வருவாயும் பணியாளர் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபடுகின்றன. ‘உள்ளாட்சி இணையத்தள உருவாக்குநர்’ என்னும் தொடர் குறிக்கும் ஆளும் இடத்திற்கேற்ப மாறுகிறார். மாநகராட்சியில் அவர் கணினிப் பிரிவின் பணியாளராகவோ ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளராகவோ இருக்கலாம். பேரூராட்சியிலும் ஊராட்சியிலும் பொதுவாக இதற்கெனத் தனிப் பணியிடம் கிடையாது. கணினி இயக்குபவரோ இளநிலை உதவியாளரோ ஊராட்சிச் செயலரோ பிற பணிகளுக்கிடையே இதனையும் கவனிக்கிறார்.

மேலும், உள்ளாட்சிகளும் மாவட்ட நிர்வாகமும் இன்று தத்தம் தளங்களைத் தொடக்கத்திலிருந்து தாமே கட்டுவது அரிதாகிவிட்டது. மாவட்ட இணையத்தளங்கள் தேசிய தகவலியல் மையம் வழங்கும் ‘எஸ்3வாஸ்’ என்னும் பொதுக் கட்டமைப்பில் இயங்குகின்றன. மதுரை மாவட்ட இணையத்தளமும் அதில் அடங்கும். நகர்ப்புற உள்ளாட்சிகளின் வரிவசூலுக்கு மாநில அளவிலான பொதுத் தளம் உள்ளது. ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட ‘இ-கிராம் சுவராஜ்’ தளத்தில் பதிவாகின்றன. தளத்தின் சட்டகம் மேலிருந்து வருகிறது. அதனுள் இடப்படும் அறிவிப்பு, அட்டவணை, படிவ விளக்கம், கோப்பு, படம் ஆகியவை கீழே உருவாகின்றன. ஆகவே உள்ளூர்ப் பணியாளரின் கைவசம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் உரைப்பணியே.

அவ்வுரைப்பணியின் கனத்தை ஒரு நிகழ்வு காட்டும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களின் சல்லிக்கட்டில் பங்கேற்கும் காளைகளையும் மாடுபிடி வீரர்களையும் மதுரை மாவட்ட இணையத்தளத்தின் வழியே பதிவுசெய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. வாடிவாசலுக்குச் செல்லும் வழி ஒரு படிவத்தின் ஊடாக அமைந்தது. அத்தகைய படிவத்தில் எந்தச் சான்றை இணைக்க வேண்டும் என்னும் ஒரு வரி தெளிவற்றிருப்பின், அதன் விளைவைச் சுமப்பவர் காளை வளர்க்கும் உழவராவார்.

2. சட்டம் எதிர்பார்ப்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம்மைப் பற்றிய தகவல்களைத் தாமே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. அப்பிரிவின் 4ஆம் உட்பிரிவு செலவுச் சிக்கனம், வட்டார மொழி, அவ்விடத்திற்கு ஏற்ற பயனுறு தொடர்புமுறை ஆகியவற்றைக் கருத்திற்கொள்ளுமாறு பணிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016உம் அதன்வழி வந்த 2017ஆம் ஆண்டு விதிகளும் இணையத்தளங்களின் அணுகுதன்மையை வலியுறுத்துகின்றன. அணுகுதன்மைத் தரங்களைக் கட்டாயமாக்காமல் பரிந்துரையளவில் நிறுத்திய 15ஆம் விதியின் பகுதி சட்டத்திற்கு முரணானது என ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்பின் 21ஆம் பிரிவோடு இணைத்து 2025 ஏப்ரலில் அந்நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பினை வழங்கியது.

வட்டார மொழியில் இருத்தல், யாவரும் அணுகத்தக்கதாய் இருத்தல் ஆகிய இரண்டும் உள்ளாட்சி இணையப் பக்கத்திற்கு விதிக்கப்பட்ட கடமைகள் என்பது இவற்றால் பெறப்படும். இவ்விரண்டையும் நிறைவேற்ற ஒரு வளம் எவ்வளவு துணைசெய்கிறது என்பதே அதனை மதிப்பிடும் முறையான வழியாகும்.

3. வளங்களின் மதிப்பீடு

3.1 வழிகாட்டு நெறிகள்

இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதன்முதலாக வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் செயலிகளையும் உள்ளடக்கி விரிந்தது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வகுத்த வலை உள்ளடக்க அணுகுதன்மை நெறிகளின் 2.1ஆம் பதிப்பை இது தழுவுகிறது. இரண்டையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். தரம், பாதுகாப்பு, அணுகுதன்மை ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் இணைத்திருப்பது இந்திய நெறிகளின் சிறப்பு.

எனினும் இவை யாருக்காக எழுதப்பட்டவை என்னும் வினா எழுகிறது. சரிபார்ப்போருக்கும் தலைமை அலுவலருக்கும் உரிய விதிநூலின் நடை இவற்றில் மேலோங்கியுள்ளது. படங்களுக்கு மாற்றுரை வேண்டும் என்று விதி கூறும். மன்றக் கூட்டத்தின் ஒளிப்படத்திற்குத் தமிழில் எத்தகைய மாற்றுரை எழுத வேண்டும் என்பது விதியின் எல்லைக்குள் வராது. பக்கத்தின் மொழி இன்னதெனக் குறியில் சுட்ட வேண்டும் என்பது அடிப்படை நிலை விதிகளுள் ஒன்று. இரு மொழிகளும் கலந்து வரும் உள்ளாட்சி அறிவிப்பில் இதனை எவ்வாறு செய்வது என்பதற்குத் தமிழ் எடுத்துக்காட்டு தேவை. இலக்கணம் இருந்தும் உதாரணச் செய்யுள் இல்லாத நூற்பாவைப் போன்றே இவை உள்ளூர்ப் பணியாளரின் முன் நிற்கின்றன.

3.2 காணொளிப் பாடங்கள்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் வழங்கும் என்பிடெல், 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் ஆகியன இவ்வகையின. என்பிடெல் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டணம். இவை பல்கலைக்கழகப் பருவ அமைப்பைப் பின்பற்றுவதால், வாரந்தோறும் பல மணிநேரம் ஒதுக்க இயலும் மாணவருக்கே பெரிதும் பொருந்துகின்றன.

ஸ்போக்கன் டுடோரியல் இவற்றினின்றும் வேறுபட்டது. ஏறத்தாழ 10 நிமிட அளவிலான சிறு பாடங்கள். ஒரு பாதித் திரையில் பாடத்தையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்துக் கேட்டவாறே செய்துபார்க்கும் முறை. இந்திய மொழிகள் பலவற்றில் ஒலிப்பதிவு. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், லிப்ரே ஆபிஸ் முதலியவற்றுக்கான பாடங்கள் தமிழொலியிலும் கிடைக்கின்றன. திரையில் ஆங்கில இடைமுகமும் காதில் தமிழ் விளக்கமுமாக அமைந்த இம்முறை, அலுவலகக் கணினியில் நாள்தோறும் ஆங்கிலப் பட்டியல்களைக் கையாளும் பணியாளரின் நடைமுறையோடு இயைகிறது. பல பாடங்கள் மென்பொருளின் பழைய பதிப்புகளில் பதிவானவை என்பது குறை.

இதில் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. உள்ளாட்சிக்கு மிகுதியும் பயன்தரும் பாடம் வலைநிரல் பாடமாக இருக்க வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸில் தலைப்புகளைப் பாணிகளாகக் குறித்து, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை அமைத்து, குறிச்சொல்லிட்ட பிடிஎஃப் கோப்பாக வெளியேற்றக் கற்பது, திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு அறிவிப்பைத் திறந்துவிடும். வலை உருவாக்கம் என்னும் தலைப்பின் கீழ்த் தேடுவோர் கண்ணில் இப்பாடம் படுவதில்லை. வளம் இருந்தும் அது உரிய பெயரில் வகைப்படுத்தப்படாமையால் பயன் குன்றுகிறது.

3.3 தமிழில் எழுதப்பட்ட நூல்கள்

2012 ஜனவரி முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழும் அதன்வழி வந்த ‘எளிய தமிழில்’ நூல்வரிசையும் தமிழிலேயே எழுதப்பட்ட வளங்களுள் முதன்மையானவை. து. நித்யா எழுதிய மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியன பற்றிய நூல்கள் இவ்வரிசையில் அடங்கும். இவற்றின் நடை பேச்சுக்கு அணுக்கமானது. நிரலில் தோன்றும் ஆங்கிலச் சொல்லை அப்படியே நிறுத்தி, அதன் செயலைத் தமிழில் விளக்குவது இவற்றின் உத்தி. செயலும் கட்டளையும் கற்போர் மனத்தில் பிரியாமல் நிற்க இவ்வுத்தி உதவுகிறது.

இவற்றின் உத்தேச வாசகர் பெரும்பாலும் மாணவரும் வேலை தேடும் இளைஞருமாவர். ஆதலால் எடுத்துக்காட்டுகள் கல்வி, வணிகம் சார்ந்தே அமைகின்றன. சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்புச் சான்று ஆகியவற்றைக் கொண்டு தரவுத்தளமோ படிவமோ அமைத்துக் காட்டும் பகுதி சேர்க்கப்படின் இவ்வரிசை உள்ளாட்சிக்கு நேரடியாகப் பயன்படும்.

3.4 எழுத்துக் கருவிகள்

1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010 ஜூன் 23 நாளிட்ட ஆணையால் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதன் பின்னரும் வானவில் முதலிய பழைய எழுத்துருக்களின் பயன்பாடு அலுவலகங்களில் தொடர்ந்தது.

பழைய எழுத்துருவில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய உருவமே. திரையில் தமிழாகத் தெரியும் சொல் கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாக உள்ளது. தேடுபொறி அதனைக் கண்டறியாது; திரைவாசிப்பான் அவ்வெழுத்துக்கோவையையே ஒலிக்கும். பார்வையற்ற குடிமகனுக்கு அவ்வறிவிப்பு வெளியிடப்படாததற்குச் சமம்.

இதற்குரிய கருவிகள் பலவும் கட்டணமில்லாதவை. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை வழங்குகிறது. என்எச்எம் எழுதி, என்எச்எம் மாற்றி ஆகியன தட்டச்சுக்கும் குறியாக்க மாற்றத்திற்கும் உதவுகின்றன. வருடிய படத்திலிருந்து தமிழ் எழுத்தை மீட்க டெசராக்ட் உள்ளது. என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பான், இஸ்பீக் ஒலிப்பானின் துணையோடு தமிழ் உரையை வாசிக்கிறது. பக்கத்தை வெளியிடுமுன் ஒருமுறை என்விடிஏ கொண்டு கேட்டுப்பார்ப்பது எந்தச் செலவுமற்ற சோதனை.

இக்கருவிகள் தனித்தனியே கிடைக்கின்றன; அவற்றை இணைக்கும் பணிமுறை கிடைப்பதில்லை. ஓர் அறிவிப்பின் வழக்கமான பாதையை நோக்கின் இது விளங்கும். அது பழைய எழுத்துருவில் தட்டச்சாகிறது, அச்சாகிறது, கையொப்பம் பெறுகிறது, வருடப்படுகிறது, படக்கோப்பாகத் தளத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு படியும் அலுவலக நடைமுறைக்கு உட்பட்டதே. ஆயினும் முடிவில் தளத்தில் இருப்பது தமிழ் எழுத்தின் நிழற்படமே. கையொப்பமிட்ட படியோடு அதன் ஒருங்குறி உரையையும் பக்கத்தில் இடுதல் என்னும் ஒரு கூடுதல் படி இக்குறையை நீக்கும். அதனைச் சொல்லித்தரும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, நூறு மணிநேர நிரல் பாடத்தைவிட ஒரு பேரூராட்சிக்குப் பயன்மிக்கது.

3.5 அயல்நாட்டு உள்ளாட்சி வளங்கள்

பிரிட்டனில் குரொய்டன், பிரைட்டன்-ஹோவ் ஆகிய மன்றங்களின் கூட்டு முயற்சியில் தொடங்கிய லோக்கல்கவ் துருபல், உள்ளாட்சிகள் தமக்குத்தாமே உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும் கட்டற்ற தளக்கட்டமைப்பாகும். ஒரு மன்றம் செலவிட்டு ஆக்கிய கூறு, பிற மன்றங்களுக்கும் பொதுச்சொத்தாகிறது. அந்நாட்டு அரசின் வடிவமைப்பு முறைமையும் நடைக்கையேடும் எவரும் படிக்கத்தக்கவை.

அந்நடைக்கையேடு ஒரு வாக்கியம் 25 சொற்களுக்கு மேற்படலாகாது என்கிறது. இவ்வளவையை அப்படியே தமிழுக்குக் கொள்ள இயலாது. “மேற்படி வரியினை உரிய காலத்திற்குள் செலுத்தத் தவறும்பட்சத்தில் சட்டப்படியான நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது” என்னும் ஆட்சிநடை வாக்கியத்தில் 12 சொற்களே உள்ளன. யார், எப்போது, எதனைச் செய்ய வேண்டும் என்பது அதில் மறைந்துள்ளது. “அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30க்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு” என்பது 10 சொற்களில் முழுச் செய்தியைத் தருகிறது. தமிழ் வாக்கியத்தின் சுமை சொல்லெண்ணிக்கையால் மட்டும் அமைவதில்லை. அடுக்கிவரும் எச்சங்கள், செயப்பாட்டு வினை, மறைந்து நிற்கும் எழுவாய் ஆகியன அதனைக் கூட்டுகின்றன. ஆகவே எச்சங்களின் எண்ணிக்கை, எழுவாய் வெளிப்படை ஆகியவற்றைக் கொண்ட தமிழுக்குரிய எளிமை அளவை வகுக்கப்பட வேண்டும்.

இடைமுகச் சொற்களிலும் இதே நிலை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்சொல் நிற்கும் பொத்தானில் தமிழில் ‘விண்ணப்பத்தின் நிலையறிக’ என்பது வர வேண்டியுள்ளது. குறுஞ்சொல்லை எண்ணி அமைத்த வடிவமைப்பில் இது வரி மடிந்து உடைகிறது. தமிழ் எழுத்தின் இத்தகைய தேவைகளைக் குறித்து உலகளாவிய வலைச் சேர்த்தியம் கட்டணமற்ற ஆவணங்களை வெளியிட்டுள்ளது. அவை தளக்கட்டமைப்பை ஆக்கும் பொறியாளருக்கு உரியவை. ஆங்கிலத்தில் இருப்பது அவர்களுக்குத் தடையன்று.

4. இலவசமும் கட்டற்றதும்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரு பொருள்களைத் தமிழ் ‘இலவசம்’, ‘கட்டற்றது’ என இரு சொற்களால் வேறுபடுத்துகிறது. விலையின்றிக் காணத்தக்கது இலவசம். திருத்தவும் பெயர்க்கவும் பகிரவும் உரிமை தருவது கட்டற்றது. மேற்கண்ட மதிப்பீட்டில் மொழியும் பணிப்பொருத்தமுமே பெருங்குறைகளாக வெளிப்பட்டன. இவ்விரு குறைகளையும் மூல ஆசிரியர் களைவார் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் இடந்தரின் உள்ளூரிலேயே களையலாம். ஸ்போக்கன் டுடோரியல், கணியம் நூல்கள், மொசில்லாவின் வலை ஆவணங்கள் ஆகியன படைப்பாக்கப் பொதும உரிமங்களில் வெளிவருகின்றன. லோக்கல்கவ் துருபலின் நிரலும் கட்டற்றது. இலவசமாகக் காணக் கிடைத்தும் மறுஆக்கத்திற்கு இடந்தராத வணிகத் தளங்களின் பாடங்களைவிட இவை உள்ளாட்சிக்கு நெடுங்காலப் பயன் உடையவை. இந்திய அரசு 2015இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையின் நோக்கத்தோடும் இம்முடிவு இயைகிறது.

மதுரையின் பெயர் தாங்கிய ஒரு முன்னோடி இதற்குச் சான்று. 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழிலக்கியங்களைத் தன்னார்வலரின் உழைப்பால் மின்பதிப்புகளாக்கியது. தொடக்கக்காலப் பதிப்புகள் 8 பிட் குறியாக்கங்களில் அமைந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் நிகழ்ந்ததாலேயே அவை இன்றும் தேடத்தக்கனவாய் உள்ளன. அந்நூல்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தமையே மாற்றத்தை இயல்வதாக்கியது. உள்ளாட்சியின் தீர்மானமும் அறிவிப்பும் வருங்கால வட்டார வரலாற்றுக்கு மூலங்களாகும். படக்கோப்புகளாக அவை குவியுமாயின் அவ்வரலாறு தேட இயலாத குவியலாகும்.

5. தமிழாய்வுக்குரிய பணிகள்

1957இல் முதன்முதலாக வெளிவந்த ஆட்சிச்சொல் அகராதி, அலுவலகக் கோப்புக்குரிய தமிழை வளர்த்தது. இணையப் பக்கத்திற்குரிய ஆட்சித்தமிழ் அதன் அடுத்த கட்டமாகும். கோப்பின் வாசகர் அலுவலர். பக்கத்தின் வாசகர் குடிமகன். ஆதலால் சொற்பட்டியலோடு வாக்கிய மாதிரிகளும் தேவைப்படுகின்றன.

மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்ட கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து இதனைச் செய்ய இயலும். உள்ளாட்சி அறிவிப்புகளைத் தொகுத்து நடையாய்வு செய்தல், மன்றப் படம், வரைபடம், அட்டவணை ஆகியவற்றுக்கு மாற்றுரை மாதிரிகள் எழுதுதல், கட்டற்ற பாடங்களை உள்ளாட்சி எடுத்துக்காட்டுகளோடு மறுஆக்கம் செய்தல் ஆகியன முதுகலை ஆய்வேடுகளுக்கு ஏற்ற பொருள்கள். இவற்றின் பயன் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ உள்ள ஓர் அலுவலக மேசையில் சோதிக்கப்படத்தக்கது என்பது கூடுதல் சிறப்பு.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பொதுக் கட்டமைப்புகள் மையப்படுத்தப்படும் நிலையில் உள்ளூர்ப் பயிற்சி தேவையற்றது என்பதும், இயந்திர மொழிபெயர்ப்பு மொழித்தடையை நீக்கிவிடும் என்பதும் அம்மறுப்பு. மையக் கட்டமைப்பு பக்கத்தின் சட்டகத்தைச் சீராக்கும். அதனுள் ஏற்றப்படும் படக்கோப்பை எழுத்தாக்காது. இயந்திரம் பெயர்ப்பதற்கும் முதலில் எழுத்து இருக்க வேண்டும். எழுவாய் மறைந்த வாக்கியம் பெயர்ப்பிலும் மறைந்தே நிற்கும். எனவே இவ்விரண்டும் உரைப்பணியின் தேவையை மிகுவிக்கவே செய்கின்றன.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• உள்ளாட்சி இணையப் பணிக்குரிய கட்டணமில்லா வளங்கள் எண்ணிக்கையில் குறைவுடையன அல்ல. மொழியிலும் பணிப்பொருத்தத்திலுமே குறையுள்ளது.

• பொதுக் கட்டமைப்புகள் பெருகிய நிலையில் உள்ளூர்ப் பணியாளரின் பணி உரை எழுதுதல், கோப்பமைத்தல் ஆகியவற்றைச் சார்ந்துள்ளது. வளங்கள் நிரலாக்கத்தையே மையப்படுத்துகின்றன.

• ஒருங்குறியில் அமையாத உரையும் படக்கோப்பாக ஏற்றப்படும் அறிவிப்பும் சட்டம் கூறும் அணுகுதன்மையை இழக்கின்றன. இதற்குரிய தீர்வுக் கருவிகள் செலவின்றிக் கிடைக்கின்றன.

• வளத்தைத் தேர்வதில் விலையைவிட உரிமமே முதன்மை அளவுகோலாகத்தக்கது. திருத்தும் உரிமையுள்ள வளமே உள்ளூர் வளமாக மாறும்.

• ஆங்கில நடைக்கையேடுகளின் அளவைகள் தமிழுக்குப் பொருந்துவதில்லை. தமிழ் வாக்கிய அமைப்பின் அடிப்படையிலான எளிமை அளவை தமிழாய்வாளரால் வகுக்கப்பட வேண்டும்.

சங்கம் வைத்துத் தமிழ் ஆய்ந்த ஊர் என்னும் பெருமையை மதுரை நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஒரு பேரூராட்சியின் வரி அறிவிப்பு, கண்ணால் காண்பவருக்கும் காதால் கேட்பவருக்கும் ஒருங்கே விளங்கும் தமிழில் அமையுமாறு செய்வது அவ்வாய்வு மரபுக்கு இக்காலம் தந்துள்ள பணியாகும்.